வந்த டாலரும் போகிற டாலரும்

1987-ல் எங்கள் மன்னார்குடிப் பக்கம் அமெரிக்காவுக்குப் படிக்கப் போக விரும்பியவனுக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை. இருந்தும் பிரயோசனமில்லை, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இதை இன்றைக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

டாலர் அப்போது 13 ரூபாய்தான். ஆனால் 13 ரூபாயை எடுத்துக்கொண்டு போனால் டாலர் தருவதற்கு ஆள் கிடையாது. 1973-ம் வருடத்து அந்நியச் செலாவணிச் சட்டம், ஃபெரா என்று செல்லமாக அழைக்கப்பட்டது, ஒவ்வொரு டாலருக்கும் காவல் நின்றது. என்னோடு ப்ளஸ் டூ படித்த ரைஸ் மில்காரர் மகன் நினைத்தால் ஊரில் பாதியை வாங்கலாம். அவன் அப்பாவால் கர்நாடகத்தில் கேபிடேஷன் கட்டிப் பையனுக்கு இன்ஜினீயரிங் சீட் வாங்க முடிந்தது, டெட்ராய்ட்டில் முடியவில்லை. மில்காரர் பையனும் குமாஸ்தா பையனும் ஒரே கோட்டில் நின்ற ஓட்டப்பந்தயம் என் ஆயுளில் அது ஒன்றுதான். பந்தயத்துக்குப் பெயர் எய்டு.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகமே டியூஷன் ஃபீஸைத் தள்ளுபடி செய்து, சோற்றுக்கும் வாடகைக்கும் மாதச் சம்பளமும் கொடுத்தால் அது ஃபுல் எய்டு. ஃபீஸ் மட்டும் தள்ளுபடியென்றால் வேவர். வெறும் அட்மிஷன் கடிதம் மட்டும் வந்தால் அதற்குப் பெயரே கிடையாது. அதை வீட்டில்கூடச் சொல்வதில்லை. "இடம் கொடுத்திருக்கான், பணம் கொடுக்கலை" என்பது கல்யாணப் பத்திரிகை வந்து பந்தியில் இலை போடாத மாதிரி ஒரு அவமானம்.

கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடம்தான் கபாலி கோயில். உள்ளே இந்திய-அமெரிக்கக் கல்வி அறக்கட்டளையின் நூலகம். யூசெஃபி என்போம். 1950-ல் நேரு காலத்தில் போட்ட ஃபுல்பிரைட் ஒப்பந்தத்தில் பிறந்த நிறுவனம் அது. தலையணை கனத்தில் பல்கலைக்கழக டைரக்டரிகள் மேஜையில் கிடக்கும். கிழிக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எந்தத் துறையில் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள் என்கிற பத்தியை மட்டும் விரலால் தடவித் தடவி, முகவரிகளை நோட்டில் எழுதிக்கொள்வோம். ஹார்வர்டை யாரும் எழுத மாட்டோம். குளிர் அதிகமான, பெயர் கேள்விப்படாத, அமெரிக்கப் பையன்களே போகத் தயங்கும் மாநிலங்களாகப் பார்த்து எழுதுவோம். நார்த் டகோட்டாவில் குளிர்காலம் எப்படியிருக்கும் என்பது வானிலை அறிவிப்பாளர்களைவிட எங்களுக்கு அத்துப்படி.

அப்புறம் ஏரோகிராம். நீல நிறத்தில், மூன்றாக மடித்து ஓரத்தில் எச்சில் தொட்டு ஒட்டுவது. உள்ளே டைப் அடித்த வாசகம் சீனியர்களிடமிருந்து பரம்பரையாக வந்தது: எங்கள் நாட்டில் அந்நியச் செலாவணி கிடைப்பது அரிது, ஆகவே விண்ணப்பக் கட்டணத்தை விலக்கி அருளவும். இருபத்தைந்து டாலரோ முப்பதோ, அதைக்கூடக் கட்ட வேண்டாம் என்று பல துறைகள் உண்மையிலேயே விட்டுக்கொடுத்தன. இந்தியாவின் வறுமையை எங்கள் அளவுக்குத் தைரியமாக எந்த நிதியமைச்சரும் வெளிநாட்டில் எடுத்துச் சொன்னதில்லை. இரண்டாவது ஏரோகிராம் பேராசிரியருக்கு. அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பை ஐஐடி நூலகத்தில் போய்ப் பொறுக்கி, அந்தக் கட்டுரையே என் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது என்று எழுத வேண்டும். கட்டுரையைப் படித்திருக்க வேண்டும் என்கிற கட்டாயமில்லை.

என் அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே ஸ்காலர்ஷிப் ராமானுஜனுடையது. பக்கத்து ஊர், கும்பகோணம். அதனால் ஏதோ பங்காளி போல அந்தக் கணக்கைச் சொல்வார். 1914-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் 50 பவுனைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் அவர் கப்பலேறினார். 1919-ல் மறுபடி 250 பவுன் உதவித்தொகை தருவதாகச் சொன்னபோது, என் தேவைக்கு இது அதிகம், மீதியை ஏழைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கே கடிதம் எழுதினார். "வாங்கறவனுக்கு ஒரு யோக்யதை வேணும்டா" என்று முடிப்பார் அப்பா. ஃபெலோஷிப் பணத்தில் மீதி இருக்கிறது என்று எழுதிய இன்னொருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. பார்த்தாலும் அந்தக் கடிதத்தைக் கணக்குப்பிரிவு எந்தத் தலைப்பில் வரவு வைக்கும் என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடும்.

அம்பேத்கர் கதையை அப்பா சொன்னதில்லை. அது நானாகப் பின்னால் தெரிந்துகொண்டது. 1913-ல் பரோடா கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுன் கொடுத்து அவரைக் கொலம்பியாவுக்கு அனுப்பினார். நிபந்தனை, திரும்பி வந்து பத்து வருடம் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும். அவர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். வேலையும் இருந்தது. தங்குவதற்கு அந்த ஊரில் ஒரு வீடு கொடுக்க ஆளில்லை. எஃப்-1 விசா ஜன்னலில் "படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பிவிடுவேன்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்ன எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேர் வரவேயில்லை. எங்களுக்கு வீடு கொடுக்க மட்டும் நாடு காத்துக்கொண்டிருந்தது, என்.ஆர்.ஐ. ஒதுக்கீடு போட்டு.

மே மாதத்தில் எனக்குக் கடிதம் வந்தது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், இப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும். டியூஷன் முழுக்கத் தள்ளுபடி, டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை, மாதம் 750 டாலர். தபால்காரருக்கு அம்மா பத்து ரூபாய் கொடுத்தாள். அப்பா கடிதத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார், எங்காவது கடன் என்கிற வார்த்தை ஒளிந்திருக்கிறதா என்று. 750-ஐ 13-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, "ஹெட்மாஸ்டர் சம்பளத்தைவிட ஜாஸ்தியா இருக்கே, என்ன வேலை வாங்குவான்?" என்றார். நியாயமான சந்தேகம்.

வேலை வாங்கினான். வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் இளங்கலைப் பிள்ளைகளின் வீட்டுக்கணக்குகளைத் திருத்துவது, சோதனைச்சாலையில் நின்று குழாயில் கைவைக்காதே என்று சொல்வது. வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது காகிதத்தில். என் ஆங்கிலம் புரியவில்லை என்று ஒரு பையன் துறைத் தலைவரிடம் எழுதிக்கொடுத்தான். தலைவர் என்னைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசச் சொன்னார். மெதுவாகப் பேசினேன். இப்போது மெதுவாகப் புரியவில்லை என்றான். உதவித்தொகை, உபகாரச் சம்பளம் என்றெல்லாம் ஊரில் அதைச் சொன்னார்கள். உபகாரம் யார் யாருக்குச் செய்தார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம். உள்ளூர்க்காரன் அந்தச் சம்பளத்துக்கு வர மாட்டான்; நாங்கள் தள்ளுமுள்ளு பண்ணிக்கொண்டு வந்தோம்.

இரண்டாவது வருடம் ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சித் திட்டத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பணம் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வந்தது. மன்னார்குடி ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைத் தவிர வேறு நீர்ப்பரப்பில் கால் வைத்திராத எனக்கு வாடகை கொடுத்தது வல்லரசின் கப்பற்படை. நாலு பேர் சேர்ந்து இரண்டு அறை, ஆளுக்கு 110 டாலர். சாம்பாருக்குத் துவரம்பருப்பு கிடைக்காமல் மெக்சிகோக்காரர் கடையில் வாங்கிய ஏதோ ஒரு பருப்பு. மாதம் 300 டாலர் மிச்சம் பிடித்து, விமான டிக்கெட்டுக்காக அடகில் கிடந்த அத்தையின் காசுமாலையை முதல் வருடமே மீட்டேன். அந்தப் படிப்புக்காக எங்கள் குடும்பம் வாங்கிய கடன் அது ஒன்றுதான்.

இது போன நூற்றாண்டு.

போன வருடம் அண்ணன் பேத்திக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. டேட்டா அனலிட்டிக்ஸில் எம்.எஸ்., அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், டீன் பெயரில் ஒரு மெரிட் ஸ்காலர்ஷிப், வருடத்துக்கு 6,000 டாலர். வீட்டில் கேசரி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைப்பதாக அவள் மாமா கிளம்பினார். "ஸ்காலர்ஷிப்புடன் அமெரிக்கா செல்லும்" என்று வாசகம்கூடத் தயார். அவள்தான் தடுத்தாள். அதற்குள் பட்டமளிப்புத் தொப்பி போட்ட அவள் படத்தை அவர் இணையத்தில் செய்துவிட்டிருந்தார்.

கடிதத்தை எனக்கு அனுப்பி, "சின்னத் தாத்தா, நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட், பாத்துச் சொல்லுங்க" என்றாள். முதல் பக்கம் முழுக்க வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில் கணக்கு. டியூஷன், கட்டணங்கள், இன்ஷூரன்ஸ், இருப்பிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 52,000 டாலர். அதில் 6,000 கழிவு. மீதி 46,000 கையில் இருக்கிறது என்று வங்கிக் கணக்கைக் காட்டினால் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தை அனுப்புவார்கள். டாலர் 90 ரூபாயென்றால் 41 லட்சத்துச் சொச்சம், ஒரு வருடத்துக்கு. ஆடித் தள்ளுபடியில் எடுத்த பட்டுப்புடவைக்குக்கூட, எவ்வளவு குறைத்தான் என்று சொல்கிறவர்கள் எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் வாய்தவறிச் சொல்லிவிடுவார்கள். இங்கே 6,000 மட்டும் தெருவெல்லாம் தெரிந்திருந்தது. 46,000 அவள் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்.

எனக்கு அதில் சின்ன மரியாதைகூட வந்தது. எங்கள் காலத்துத் துறைத் தலைவர்கள் பாவம், தெரியாத்தனமாக முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள். இப்போதிருப்பவர்களுக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது. 6,000 குறைத்தால் 46,000 வரும் என்றால் எந்தக் கடைக்காரருக்கும் கசக்காது. எம்.எஸ். படிப்புக்கு எய்டு கிடைப்பது இப்போது அபூர்வம். டீச்சிங், ரிசர்ச் உதவித்தொகைகளெல்லாம் பெரும்பாலும் பி.எச்டி.காரர்களுக்கு. 2025-ல் ஆராய்ச்சி நிதியை வாஷிங்டன் வெட்டியதும் அதிலும் கைவைத்தார்கள். சில இடங்களில் கொடுத்த சீட்டையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வெட்டுக்கு முன்பே எய்டு அபூர்வம்தான் என்றாலும், 2023-24 கணக்கில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவைத் தாண்டி முதலிடம். காசு கொடுத்துப் படிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எல்.கே.ஜி.யிலிருந்தே பழக்கம்.

டாலருக்குக் காவல் நின்ற அரசாங்கமும் மாறிவிட்டது. 2004-ல், வருடத்துக்கு 25,000 டாலர் வரை யாரும் அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி கதவைத் திறந்தது. இப்போது இரண்டரை லட்சம் டாலர். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வருமான வரி விலக்கு உண்டு, பழைய வரிமுறையில் இருந்தால். 30 டாலருக்கு ஏரோகிராமில் அழுத நாட்டில், அரைக் கோடியை அனுப்ப மொபைலில் ஒரு ஓ.டி.பி. போதும். வளர்ச்சி என்றால் இதுதான். நிஜமாகவே சொல்கிறேன்.

அண்ணன் மகன் ஊரிலேயே கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறான். சேமிப்பு, சீட்டு, மனைவி நகை எல்லாம் போக 50 லட்சம் கடன் வேண்டும். பொதுத்துறை வங்கிக் கிளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கல்விக் கடன் அதிகாரி சின்னப் பையன், மரியாதையான பையன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் வேண்டும் சார் என்றான். அவளுடைய ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை ஒரு பார்வை பார்த்தான். வீட்டுப் பத்திரத்தை அரை மணி நேரம் பார்த்தான்.

பத்திரம் என் தாத்தா 1938-ல் வாங்கியது. முத்திரைத்தாளின் மடிப்பெல்லாம் நைந்து, ஜாதிக்காய்ப் பெட்டி வாசனையோடு இருந்தது. மூலப்பத்திரம் சரி, பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறதே, வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போடுங்கள், வாரிசுச் சான்று எங்கே, பேனல் வக்கீல் லீகல் ஒப்பீனியன் தர வேண்டும், எஞ்சினீயர் மதிப்பீடு பண்ண வேண்டும் என்று அடுக்கினான். எல்லாவற்றையும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்து, "சார், நீங்களும் ஒரு வாரிசா?" என்றான்.

ஆமாம். அப்பா உயில் எழுதவில்லை. அண்ணன், நான், நாக்பூரில் இருக்கும் தங்கை, மூன்று பேருக்கும் பங்கு. நானும் தங்கையும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால்தான் அண்ணன் பெயரில் அடமானம் பதிவாகும். ஆக, வீட்டை வைக்காமல் அமெரிக்கா போன ஒரே ஆள், வீட்டை வைத்து அமெரிக்கா அனுப்புவதற்காக மன்னார்குடி சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் ரேகையும் கேமராவில் முகமும் கேட்டார்கள். அமெரிக்க விசாவுக்கு 1987-ல் இவ்வளவு கேட்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் அண்ணன் மகன் மொபைலில் கணக்குப் போட்டான். 50 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை. மாதம் ஏறக்குறைய 69,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. அதை நான் 90-ஆல் வகுத்தேன், பழைய பழக்கம். 766 டாலர்.

எனக்கு மாதாமாதம் வந்த தொகையும் அவள் மாதாமாதம் கட்டப்போகும் தொகையும் ஏறக்குறைய ஒன்று. அம்புக்குறிதான் திரும்பியிருக்கிறது. அன்றைய 750-க்கு இன்றைக்கு 2,000 டாலருக்கு மேல் மதிப்பு என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். திருத்தட்டும், அப்படிப் பார்த்தால் என் பக்கத்துப் பெருமைதான் இன்னும் ஏறுகிறது.

அந்தப் பெருமையை அன்று ராத்திரி சாப்பிடும்போது கொஞ்சம் சத்தமாகவே எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு பைசா செலவில்லாமல் திறமையால் போனோம் என்கிற பாட்டு. பேத்தி தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"கிண்டில ஒரு வருஷத்துக்கு எவ்வளவு ஃபீஸ் கட்னீங்க, தாத்தா?"

"சில நூறு ரூபாய்."

"மீதியை யார் கட்னா?"

"கவர்மென்ட்."

"அங்க போனப்புறம்?"

"டீச்சிங் வேலை, அப்புறம் அந்தக் கடற்படை..."

"அதுவும் கவர்மென்ட்தான?"

"ஆமா."

"ரெண்டு கவர்மென்ட் காசுல படிச்சுருக்கீங்க. நான் எங்கப்பா வீட்டை வச்சுப் படிக்கப்போறேன். வட்டியோட கட்டவும் போறேன். சொந்தக் கால்ல நின்னது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அண்ணி அவளை அதட்டினாள், பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று. அண்ணன் அடக்க முடியாமல் சிரித்தார். நாற்பது வருடமாக அவர் காத்துக்கொண்டிருந்த சிரிப்பு அது.

அவள் சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பேட்சில் ஃபுல் எய்டில் பறந்தவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்க்கிறேன். யூசெஃபி என்றொரு நூலகம் இருக்கிறது என்று சொல்ல மாம்பலத்தில் ஒரு மாமா இருந்தவர்கள். டைப் அடித்த வாசகத்தைத் தர ஒரு சீனியர் இருந்தவர்கள். ஹாஸ்டலில் எனக்கு எதிர் அறையில் இருந்தவன் தர்மபுரிப் பக்கத்துக்காரன். என்னைவிட நல்ல மார்க். ஏரோகிராம் எங்கே விற்கும், ஜி.ஆர்.இ. கட்டணத்துக்கு டாலர் டிராஃப்ட் எந்தக் கிளையில் எடுப்பது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. எங்களில் யாரும் சொல்லவில்லை. எய்டு எண்ணிக்கை குறைவு, போட்டிக்கு ஒரு ஆள் கூடுமே. காசு கேட்காத அந்தப் பந்தயத்தில் தகவல்தான் கேபிடேஷன் ஃபீஸ்.

இன்றைக்குத் தகவலுக்குப் பஞ்சமில்லை. திருவாரூரில் இரண்டாம் மாடியில், தஞ்சாவூரில் பஸ் நிலையத்துக்கு எதிரில், எங்கும் ஓவர்சீஸ் கன்சல்டன்ட். ஏ.சி. அறை, சுவரில் லண்டன் பாலம், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் டீ, ஆலோசனை முற்றிலும் இலவசம். இலவசத்துக்குக் காரணம் எளிது: பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் முதல் வருட ஃபீஸில் ஒரு பங்கைக் கமிஷனாக அனுப்பிவிடும். பிரிட்டன், ஆஸ்திரேலியா சமாசாரமெல்லாம் இதே வழி. பேத்தியைக் கூட்டிப்போன இடத்தில் நான் ஜெர்மனி என்று ஆரம்பித்தேன். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸே இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. செலவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், அதையும் மாதாமாதம் நாமே எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அங்கிருந்த பெண் புன்னகை மாறாமல், "ஜெர்மன் ரொம்பக் கஷ்டம் அங்கிள்" என்றாள். ஆங்கிலத்திலேயே நடக்கும் முதுகலைப் படிப்புகளும் அங்கே நிறைய என்றேன். டீ ஆறிவிட்டது, வேறு போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள்.

லண்டன் பாலத்துக் கீழே உட்கார்ந்திருந்த இன்னொரு குடும்பத்தின் பேச்சும் காதில் விழுந்தது. பிரிட்டன் விசாவுக்கு, ஃபீஸும் தங்கும் செலவும் சேர்ந்த தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு ஷோ மணி வாடகைக்குக் கிடைக்கிறது. 28 நாள் கழித்து வந்த வழியே போய்விடும், வட்டியை எடுத்துக்கொண்டு. நாங்கள் இல்லாத பணத்தை இல்லை என்று எழுதிப் போனோம். இவர்கள் இல்லாத பணத்தை இருக்கிறது என்று காட்டிப் போகிறார்கள். தூதரகத்துக்கு எது பிடிக்கிறதோ அதைத்தானே காட்ட முடியும்? இப்போது அமெரிக்க மாணவர் விசாவுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளையும் பொதுவில் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்கள், 2025 ஜூனிலிருந்து. பேத்தியுடையதைத் திறந்து பார்த்த அதிகாரிக்கு மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் யானையின் படங்கள் கிடைத்திருக்கும்.

அவள் போன ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தாள். நன்றாகப் படிக்கிறாள். நூலகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டுப் பத்திரம் வங்கி லாக்கரில், குளிரூட்டிய அறையில், 1938-லிருந்து அனுபவித்திராத சௌகரியத்தில் இருக்கிறது.

கன்சல்டன்ட் அறையில் யாரும் சொல்லாத சில விஷயங்களை இங்கே எழுதிவிடுகிறேன். முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகை செத்துப்போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலை உதவித்தொகைக்குத் தேர்வானால் ஃபீஸ் கிடையாது, மாதம் 1,400 யூரோ கையில் வரும். படிப்பு குறைந்தது இரண்டு நாடுகளில். பிரிட்டனின் செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். முடிந்ததும் இரண்டு வருடமாவது ஊரில் இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையும் உண்டு. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55-லிருந்து இருக்கிறது: வருடத்துக்கு 125 பேர், அதில் 115 இடம் பட்டியல் சாதி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களை அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது, வருடத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை. எதற்கும் வீட்டுப் பத்திரம் வேண்டாம்.

உங்கள் தெருவில், அலுவலகத்தில், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப இடம் விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருப்பார். முதலில் இந்தத் திட்டங்களை விசாரிக்கச் சொல்லுங்கள். தகுதியுள்ளவர் என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கன்சல்டன்ட் கூட்டிப்போக மாட்டார். அதில் அவருக்குக் கமிஷன் கிடையாது.